கவிஞருக்குக் காதல்... பில் யாருக்கு?

முதலில் ஒரு சின்னப் பொது அறிவுக் கேள்வி.

கல்யாணமான ஒரு லாரி டிரைவர் வேறு ஊரில் வேறு ஒரு பெண்ணோடு குடித்தனம் நடத்துகிறார். அதற்கு என்ன பெயர்? சின்ன வீடு.

கல்யாணமான ஒரு மீனவர் அதையே செய்கிறார். அதற்கு? ‘குடிச்சிட்டு ஊர் மேயறான்.’

கல்யாணமான ஒரு கவிஞர் அதையே செய்கிறார். அதற்கு? அவசரப்படாதீர்கள். அதற்குப் பெயர் ஆத்மார்த்தமான தேடல். பின்னணியில் வயலின் வாசிக்க வேண்டும். முடிந்தால் மழையும் பெய்ய வேண்டும்.

சரி, கல்யாணமான ஒரு பெண் அதையே செய்தால்? அந்த வார்த்தையை அச்சடிக்க எந்த ஆசிரியரும் சம்மதிக்க மாட்டார். ஆனால் உங்கள் எல்லாருக்கும் அது மனப்பாடம்.

காரியம் ஒன்று. பெயர் நாலு. செய்த ஆளைப் பார்த்துப் பெயர் மாறுகிறது என்றால், நாம் காரியத்தை எடை போடவில்லை, ஆளைத்தான் எடை போடுகிறோம். இந்தக் கள்ளத் தராசைச் செய்து கொடுத்ததில் தமிழ் சினிமாவுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் குற்றச்சாட்டு. மட்டமான மசாலாப் படங்களைச் சொல்லவில்லை. நாம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிற நல்ல படங்களைத்தான் சொல்கிறேன். மட்டமான படம் சொல்லும் பொய்யை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. நல்ல படம் சொல்லும் பொய் நம் கூடவே வந்து குடியேறிவிடுகிறது.

‘இருவர்’ படத்தை எடுத்துக்கொள்வோம். 1997 பொங்கலுக்கு வந்த மணிரத்னம் படம். வந்தபோது சரியாக ஓடவில்லை. இன்று தமிழின் மிகச் சிறந்த படங்களில் ஒன்று என்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். சந்தோஷ் சிவனின் ஒளிப்பதிவுக்கும், தமிழ்ச்செல்வனாக நடித்த பிரகாஷ்ராஜுக்கும் தேசிய விருது கிடைத்தது. இரண்டுமே கொடுக்க வேண்டிய விருதுகள்தான்.

அந்தத் தமிழ்ச்செல்வன் யார்? எழுத்தாளர். வசனகர்த்தா. கவிஞர். அப்புறம் அரசியல்வாதி. ‘நிஜத்தில் அவர் யார் சார்?’ என்று கண்ணைச் சிமிட்டிக்கொண்டு கேட்காதீர்கள். அந்தக் கிசுகிசுவில் எனக்கு ஆர்வமில்லை. திரையில் இருக்கிற தமிழ்ச்செல்வனைப் பற்றி மட்டும் பேசுவோம்.

அவருக்கு ஊரறியக் கட்டிய மனைவி மரகதம். நடித்தவர் ரேவதி. பிற்பாடு அவர் வாழ்க்கையில் வருகிறவர் செந்தாமரை. நடித்தவர் தபு. கவிஞருக்கும் செந்தாமரைக்கும் நடுவே நெருக்கம் வளர்கிறபோது, வைரமுத்து எழுதிய கவிதை அரவிந்த்சாமியின் குரலில் வருகிறது. கேட்டவர்கள் சொக்கிப் போனார்கள். கல்லூரி ஹாஸ்டல்களில் அதை மனப்பாடம் செய்து ஒப்பித்தவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது நீங்கள் ஒரு பரிசோதனை செய்யலாம். ‘இருவர்’ படத்தை நாலு தடவை பார்த்த நண்பர் யாராவது இருந்தால் கூப்பிட்டுக் கேளுங்கள். ‘செந்தாமரைக்கு வருகிற கவிதை ஞாபகம் இருக்கா?’ உடனே எடுத்துவிடுவார். அடுத்து, ‘மரகதம் பேசின வசனம் ஒண்ணு சொல்லு’ என்று கேளுங்கள். தலையைச் சொறிவார்.

செந்தாமரைக்கு மட்டும் என்ன கிடைத்துவிட்டது? கதை நடக்கிற இந்தச் சென்னை மாகாணத்தில் 1949-லேயே இந்துக்களின் இருதார மணத்துக்குத் தடைச் சட்டம் வந்துவிட்டது. 1955-ல் இந்து திருமணச் சட்டம் வந்தது. முதல் மனைவி இருக்கும்போது இரண்டாவதாக வருகிறவளுக்கு, எத்தனை மாலை மாற்றினாலும், சட்டத்தில் மனைவி என்ற இடம் கிடையாது. ஆக, செந்தாமரைக்குக் கவிதை உண்டு, சட்டத்தில் இடமில்லை. மரகதத்துக்குச் சட்டத்தில் இடமுண்டு, கவிதை இல்லை. காதல், குடும்பம் இரண்டையும் முழுசாக வைத்துக்கொண்டவர் ஒருவர்தான். அவர் கையில் பேனா இருந்தது.

பேனாவுக்குப் பதில் தம்பூரா வைத்துக்கொண்டாலும் கணக்கு இதேதான். 1985-ல் வந்த கே.பாலசந்தரின் ‘சிந்து பைரவி’யைப் பாருங்கள். கர்நாடக சங்கீத வித்வான் ஜே.கே.பி. மனைவி பைரவிக்குச் சங்கீதம் தெரியாது. ஆகவே, ரசனை தெரிந்த சிந்துவிடம் அவர் மனசு போகிறது. சுஹாசினிக்கும் இளையராஜாவுக்கும் சித்ராவுக்கும் தேசிய விருது வாங்கித் தந்த படம். சபையில் எழுந்து நின்று தமிழில் பாடச் சொல்லிக் கேட்கிற சிந்து, தமிழ் சினிமாவின் துணிச்சலான பெண்களில் ஒருத்தி. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்த ‘ஆகவே’ இருக்கிறதே, அதுதான் தொண்டையில் முள்ளாகச் சிக்குகிறது. பைரவிக்குச் சங்கீதம் தெரியாது, ஆகவே! ஜே.கே.பி.க்கு ரசம் வைக்கத் தெரியுமா? தெரியாது. அதற்காகப் பைரவி, ரசம் நன்றாக வைக்கிற ஒருவரைத் தேடிப் போனால் பாலசந்தர் அதற்குப் பாட்டுப் போட்டிருப்பாரா? கடைசியில் என்ன ஆகிறது? சிந்து தான் பெற்ற குழந்தையைப் பைரவியின் கையில் கொடுத்துவிட்டு ஊரை விட்டே போகிறாள். வித்வான் மறுபடியும் மேடைக்கு வருகிறார். கைதட்டல்.

காதலித்தது இரண்டு பேர். பிள்ளையை விட்டுக் கொடுத்தது ஒருத்தி. மனசுக்குள் புழுங்கியது இன்னொருத்தி. கைதட்டு வாங்கியது மட்டும் அவர். ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு, பில் வரும்போது கை கழுவப் போகிற ஆசாமிகளைப் பார்த்திருப்பீர்கள். நம் சினிமாவில் கலைஞன் காதலிக்கிற லட்சணம் இதுதான்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. என்னைவிட நறுக்கென்று சொன்னவர்கள் காரைக்கால்மேட்டில் இருக்கிறார்கள்.

காரைக்கால்மேடு, காரைக்கால் நகரத்தை ஒட்டி வங்கக் கடலோரத்தில் இருக்கிற மீனவ கிராமம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் பலமாக அடிபட்ட ஊர்களில் ஒன்று. தடைக்காலத்தில் அங்கே ஒரு தெரிந்தவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்று விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. ஆண்கள் வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். மீன் வரத்து கம்மி என்பதால் கூடை தூக்கும் பெண்கள் நாலைந்து பேர் மத்தியானத்தில் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். டி.வி.யில் ‘சிந்து பைரவி’.

படத்துக்கு நடுவே ஒரு அக்கா கேட்டார்: “அந்தம்மாவுக்குப் பாட்டு தெரியலன்னுதானே அந்தாளு போறாரு? எங்க ஊட்டுக்காரருக்கு மீன் விக்கத் தெரியாது. நான் யாரத் தேடிப் போறது?”

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வலை பின்னிக்கொண்டிருந்த ஊட்டுக்காரர் மட்டும் தலையைத் தூக்கவில்லை.

வயசான ஒரு அம்மா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, “தம்பி, சினிமாவுல எல்லாம் நல்லாத்தான் இருக்கும். கடலுக்குப் போன ஆளு திரும்பி வரலன்னா, தாள்ல பொண்டாட்டின்னு ஒரு பேருதான் எழுத முடியும். அன்னிக்குத்தான் தெரியும், ரெண்டு பொம்பளையும் எங்க நிக்கிறாளுவன்னு” என்றார்.

எத்தனையோ சினிமா விமர்சனங்கள் படித்திருக்கிறேன். கவிதை, வயலின், மழை எல்லாவற்றையும் தள்ளிவிட்டு நேராகக் கணக்குக்கு வந்த விமர்சனம் இதுதான். காதல் எந்த உயரத்தில் பறந்தாலும் கடைசியில் ஒரு தாளில் இறங்கியாக வேண்டும். ரேஷன் கார்டு, வாரிசுச் சான்றிதழ், பள்ளிக்கூடத்தில் அப்பா பெயர். அங்கேதான் ஒருத்தியின் பெயர் இருக்கும், இன்னொருத்தியின் பெயர் இருக்காது. அந்தத் தாள் வரைக்கும் நம் படங்கள் போவதே இல்லை. கவிதையோடு எழுந்து போய்விடுகின்றன.

இதெல்லாம் கேட்பதற்குக் காரைக்கால்காரர்களுக்கு முழு உரிமை இருக்கிறது. ஏனென்றால் இந்தக் கதையின் மறுபக்கம் அவர்கள் ஊரில்தான் நடந்தது.

இதுவரை பார்த்ததெல்லாம் புருஷன் கலைஞன், மனைவி சாதாரணமானவள் என்ற கதை. மனைவி கவிஞராக இருந்தால்? அந்த மனைவியின் பெயர் புனிதவதி. நாம் காரைக்கால் அம்மையார் என்கிறோம். கணவன் பரமதத்தன், வணிகன்.

கதை உங்களுக்குத் தெரியும். பரமதத்தன் இரண்டு மாம்பழம் கொடுத்தனுப்புகிறான். பசியோடு வந்த சிவனடியாருக்குப் புனிதவதி ஒன்றைக் கொடுத்துவிடுகிறார். மற்றொன்றைச் சாப்பிட்ட கணவன், இன்னொன்றும் கொண்டா என்கிறான். இறைவனை வேண்ட, கையில் ஒரு பழம் வருகிறது. அதன் ருசியே வேறு. எங்கிருந்து வந்தது என்று கேட்கிறான். உண்மையைச் சொல்கிறார். நம்பாமல், இன்னொன்று வரவழைத்துக் காட்டு என்கிறான். அதுவும் வந்து, அவன் கையில் பட்டதும் மறைகிறது. பரமதத்தன் பயந்துபோகிறான். இவள் மனுஷி இல்லை, தெய்வம்.

தெய்வம் என்று தெரிந்தால் என்ன செய்வார்கள்? கும்பிடுவார்கள். பரமதத்தன் கப்பல் ஏறினான். வியாபாரத்துக்குப் போவதாகச் சொல்லிப் போனவன் பாண்டிய நாட்டில் தங்கி, வீட்டில் இருப்பவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டான். ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. அந்தக் குழந்தைக்குப் புனிதவதி என்றே பெயர் வைத்தான். உறவினர்கள் முதல் மனைவியைப் பல்லக்கில் ஏற்றிக்கொண்டு போய் அங்கே இறக்கியதும், இரண்டாவது மனைவி, குழந்தை சகிதமாக அவர் காலில் விழுந்தான்.

பக்தியோடு படிப்பவர்கள் பக்தியோடு படியுங்கள். அதில் நான் குறுக்கே வரவில்லை. ஆனால் குடும்பக் கணக்காக ஒரு தடவை இதைப் படித்துப் பாருங்கள். பெண்ணுக்கு ஆணைவிடப் பெரிய ஆற்றல் இருப்பது தெரிந்தவுடன் ஆண் ஓடிப்போகிறான். காலில் விழுவது என்பது கூட வாழ முடியாது என்பதைச் சொல்லும் மரியாதையான முறை. கலைஞனின் மனைவி சாதாரணமானவளாக இருந்தால் ‘ரசனை இல்லை’ என்று போகலாம். மனைவியே பெரிய ஆளாக இருந்தால் ‘தாங்க முடியவில்லை’ என்று போகலாம். போவது என்று முடிவு செய்துவிட்டவனுக்கு எந்தப் பக்கமும் கதவு திறந்தே இருக்கிறது.

கணவனுக்காகச் சுமந்த இந்த அழகும் சதையும் இனி எதற்கு என்று உதறிவிட்டு, புனிதவதி பேயுரு வேண்டிப் பெறுகிறார். கவிஞரான ஆணுக்குக் காதல் வந்தால் மழை. கவிஞரான பெண்ணைக் கணவன் கைவிட்டால் சுடுகாடு. இதுதான் நம் மரபு எழுதி வைத்த திரைக்கதை.

இந்தக் கதையும் படமாக வந்தது. 1973-ல் ஏ.பி.நாகராஜன் எடுத்த ‘காரைக்கால் அம்மையார்’. லட்சுமியும் கே.பி.சுந்தராம்பாளும் நடித்தார்கள். பரமதத்தனாக முத்துராமன். சிவபெருமானாக வந்து ஆடியவர் சிவகுமார். பன்னிரண்டு வருஷம் கழித்து ஜே.கே.பி.யாக வந்தவரும் அதே சிவகுமார்தான்!

ஒரு விஷயத்தை நம் ஜனங்கள் கவனிப்பதில்லை. மாம்பழக் கதை எல்லாம் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொன்னது. அது 12-ம் நூற்றாண்டு. அம்மையார் அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவர். அவரே எழுதிய அற்புதத் திருவந்தாதி, திருவிரட்டை மணிமாலை, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் எல்லாவற்றையும் புரட்டிப் பாருங்கள். மொத்தம் 143 பாடல்கள். அதில் மாம்பழம் இல்லை. பரமதத்தனும் இல்லை. தன்னை எங்கேயும் ‘இன்னாரின் மனைவி’ என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. காரைக்கால் பேய் என்றுதான் கையெழுத்துப் போடுகிறார். விட்டுப் போனவனுக்கு ஒரு வரி கூட ஒதுக்காத எழுத்தாளர் அவர்.

நாமோ வருஷா வருஷம் ஆனி மாதத்தில் காரைக்காலில் மாங்கனித் திருவிழா நடத்தி, மாப்பிள்ளை அழைப்போடு பரமதத்தனை ஊர்வலமாகக் கூட்டி வருகிறோம். மாடியிலிருந்து வீசுகிற மாம்பழத்தைப் பிடிக்கக் கூட்டம் முண்டியடிக்கிறது. நல்ல விழா, நடக்கட்டும். பழம் பிடிக்கிற கைகளில் எத்தனை கை அந்த 143 பாட்டைப் புரட்டியிருக்கும் என்பதுதான் என் கேள்வி. எழுதிய பெண்ணைவிட, அவள் கல்யாணக் கதைதான் நமக்கு முக்கியம்.

இது தமிழனின் தனிச் சொத்து இல்லை. வெள்ளைக்காரனிடமும் இதே தராசுதான். அதற்கும் காரைக்கால் வழியாகவே போகலாம்.

1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்த ஊர் காரைக்கால். நடுவில் சில காலம் ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்ததைக் கழித்தால், 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சிதான். அந்த பிரான்சின் 1810-ம் வருஷத்துக் குற்றவியல் சட்டம் என்ன சொன்னது தெரியுமா? மனைவி சோரம் போனால் மூன்று மாதத்திலிருந்து இரண்டு வருஷம் வரை சிறை. கணவன் போனால்? வைப்பாட்டியைத் தன் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்திருந்தால் மட்டும்தான் குற்றம். அதற்கும் சிறை கிடையாது, வெறும் அபராதம். வீட்டுக்கு வெளியே எத்தனை வைத்துக்கொண்டாலும் சட்டம் கண்ணை மூடிக்கொள்ளும்.

இந்தச் சட்டத்தில் ஒரு எழுத்தாளர் மாட்டினார். சாதாரண எழுத்தாளர் இல்லை. விக்டர் ஹ்யூகோ. 1845 ஜூலை மாதம். கல்யாணமானவர். பிள்ளைகுட்டிக்காரர். அது போதாதென்று 1833-லிருந்து ஜூலியட் துருவே என்ற நடிகையோடு உறவு. அதற்கும் மேலே, ஓவியர் ஒருவரின் மனைவியான லெயோனி பியார். பாரீஸில் ஒரு வீட்டில் இருவரையும் போலீஸ் கையும் களவுமாகப் பிடித்தது. புகார் கொடுத்தவர் அந்த ஓவியர்.

ஹ்யூகோ அந்த வருஷம்தான் பிரபுக்கள் சபை உறுப்பினர் ஆகியிருந்தார். அவரைக் கைது செய்ய முடியாது. தான் யார் என்று சொன்னார், வீட்டுக்குப் போனார். லெயோனி? செயின்ட் லசார் சிறைக்குப் போனார். ஒரே அறை. ஒரே குற்றம். ஒருவருக்கு வீடு, ஒருத்திக்குக் கம்பி.

அதே வருஷக் கடைசியில் ஹ்யூகோ ஒரு நாவல் எழுத உட்கார்ந்தார். அதுதான் 1862-ல் வெளிவந்த ‘லெ மிசராப்ள’. சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ என்று மொழிபெயர்த்து, அந்தப் பெயரிலேயே 1950-ல் படமாகவும் வந்ததே, அதே கதைதான். அதில் போலீஸ் அதிகாரியாக நடித்த சீதாராமன் ஆயுசு முழுக்க ‘ஜாவர்’ சீதாராமன் ஆகிவிட்டார். காதலித்தவனால் கைவிடப்பட்டு, குழந்தையோடு தெருவுக்கு வந்த ஃபான்டீன் என்ற பெண்ணை ஜாவர் கைது செய்யும் இடத்தைப் படித்து உலகமே அழுதது. எழுதியவருக்குச் சிறைக்குப் போன ஒரு பெண்ணை நேரிலேயே தெரியும். அந்தப் பெண் யாரோடு இருந்ததற்காகப் போனாள் என்பதும் தெரியும்.

‘அப்ப ஹ்யூகோவைப் படிக்கக் கூடாதா?’ என்று சிலர் வரிந்து கட்டிக்கொண்டு வருவார்கள். படியுங்கள் சாமி. நானே மறுபடியும் படிப்பேன். எழுத்தாளன் உத்தமனாக இருந்தால்தான் எழுத்தைத் தொடுவேன் என்று நான் சொல்லவில்லை. அப்படிப் பார்த்தால் நூலகத்தில் பாதி அலமாரி காலியாகிவிடும். ‘நீங்க என்ன சார், கலாசாரக் காவலரா?’ என்று வேறு சிலர் கேட்பார்கள். அதுவும் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு இன்னொருவர் மேல் மனசு போவது நடக்கிறது. ஆணுக்கும் நடக்கிறது, பெண்ணுக்கும் நடக்கிறது. அதற்காக ஜெயிலில் போடுவது காட்டுமிராண்டித்தனம். பிரான்ஸ் 1975-ல் அந்தச் சட்டத்தைத் தூக்கி எறிந்தது. நம் நாட்டில் 1860-ல் வெள்ளைக்காரன் எழுதிய 497-வது பிரிவு, மனைவியைக் கணவனின் சொத்தாகவே பார்த்தது. அடுத்தவன் மனைவியோடு அந்தக் கணவனின் சம்மதமில்லாமல் உறவு வைத்தால் குற்றம். சம்மதம் இருந்தால் குற்றமில்லை! தன் கணவன் வேறு பெண்ணிடம் போனால் மனைவி இந்தப் பிரிவில் புகார் கொடுக்கவே முடியாது. 2018 செப்டம்பர் 27 அன்று சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் அதை ஒரே குரலில் ரத்து செய்தார்கள். 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அது இல்லை. நல்ல காரியம்.

சட்டப் புத்தகத்திலிருந்து போய்விட்டது. சினிமாவிலிருந்து போகவில்லை. அதுதான் என் பிரச்னை. சட்டம் செய்த ஓரவஞ்சனையைத் திரைக்கதை இன்னும் செய்துகொண்டிருக்கிறது. அதை ரத்து செய்ய எந்தக் கோர்ட்டும் கிடையாது. டிக்கெட் வாங்குகிற நீங்களும் நானும்தான் பெஞ்ச்.

வேறு மாதிரி எடுக்க முடியாதா? முடியும். எடுத்திருக்கிறார்கள்.

2013-ல் ரேல்ஃப் ஃபியன்ஸ் இயக்கி நடித்த ‘தி இன்விசிபிள் உமன்’ என்று ஒரு ஆங்கிலப் படம். எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸின் கதை. பத்துப் பிள்ளை பெற்ற மனைவி கேத்தரினை 1858-ல் பிரிந்து, தன்னைவிட ரொம்ப வயது குறைந்த நடிகை நெல்லி டெர்னனோடு ரகசியமாக வாழ்ந்தார் டிக்கன்ஸ். படத்தின் பெயரே ‘கண்ணுக்குத் தெரியாத பெண்’ என்றுதான். கேமரா நெல்லியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. கணவன் காதலிக்கு வாங்கிய நகையை மனைவியே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டி வருகிற ஒரு காட்சி உண்டு. டிக்கன்ஸை அது திட்டவே இல்லை. கேத்தரினைப் பார்க்க வைக்கிறது. அவ்வளவுதான். அதற்கு மேல் திட்டு எதற்கு?

வெளிநாடு வேண்டாம் என்றால் வங்காளம் போங்கள். 1964-ல் சத்யஜித் ராய் எடுத்த ‘சாருலதா’. தாகூர் 1901-ல் எழுதிய குறுநாவல். பத்திரிகை நடத்துகிற கணவன், தனிமையில் மனைவி, எழுத்தார்வம் உள்ள கணவனின் தம்பி முறைக்காரன். மனசு அலைபாய்வது மனைவிக்கு. அவளும் எழுதுகிறாள், அவள் எழுத்து அச்சிலும் வருகிறது. ராய் அவளைக் கொல்லவில்லை. பேயாக்கவில்லை. குழந்தையைக் கொடுத்துவிட்டு ஊரை விட்டு ஓடச் சொல்லவில்லை. மூன்று பேரின் வலியையும் ஒரே தராசில் வைத்தார்.

தமிழில்? 1993-ல் பாலு மகேந்திரா எடுத்த ‘மறுபடியும்’ இருக்கிறதே. மகேஷ் பட்டின் ‘அர்த்’ படத்தின் தமிழ் வடிவம். சினிமா டைரக்டரான கணவன் நடிகையோடு போகிறான். பிறகு திரும்பி வருகிறான். மனைவி கதவைத் திறக்கவில்லை. தப்பு செய்துவிட்டு நான் திரும்பி வந்திருந்தால் நீ ஏற்றுக்கொண்டிருப்பாயா என்று அவனைக் கேட்கிறாள். காரைக்கால்மேட்டு அக்கா கேட்ட அதே கேள்வி, வேறு பாஷையில்! அந்த மனைவியாக நடித்தது யார்? ரேவதி. நாலு வருஷம் கழித்து மரகதமாக வந்தவரும் இதே ரேவதிதான். பேசத் தெரிந்த நடிகை நம்மிடம் இருந்தார். பேச்சை எழுதிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

ஆகவே டைரக்டர்களுக்கும் கதாசிரியர்களுக்கும் என் கோரிக்கை இதுதான். கல்யாணமான கவிஞனின் காதலைத் தாராளமாக எடுங்கள். மழையும் வையுங்கள், வயலினும் வையுங்கள். ஆனால் கவிதை முடிந்தவுடன் காட்சியை வெட்டாதீர்கள். அவன் அந்த ராத்திரி எந்த வீட்டுக்குப் போகிறான், போகாத வீட்டில் யார் விழித்திருக்கிறார்கள், பள்ளிக்கூடத்து விண்ணப்பத்தில் அப்பா பெயரை யார் எழுதுகிறார்கள் என்று இன்னும் பத்து நிமிஷம் காட்டுங்கள். அதற்குப் பிறகும் அது மகத்தான காதலாக நின்றால் முதல் கைதட்டு என்னுடையது.

பார்க்கிறவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. அடுத்த தடவை திரையில் ஒரு கலைஞன் ‘என்னைப் புரிந்துகொள்ள ஒருத்தி வேண்டும்’ என்று கண்ணீர் விட்டால், கர்ச்சீப்பை எடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ‘நீ யாரையாவது புரிந்துகொண்டாயா?’

இன்னொன்றும் மிச்சம் இருக்கிறது. மரகதத்தின் கையில் பேனா இருக்கிற ஒரு படம். அவள் எழுதட்டும். கணவனைப் பற்றித்தான் எழுதுவாள் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துவிடுவார்கள். காரைக்காலில் ஒருத்தி 143 பாட்டு எழுதினாள். அதில் விட்டுப் போனவனுக்கு ஒரு வரி கூட இல்லை.